வேதபாட வாத்தியாரிடம் கேளுங்கள்: சமாதானம், கீழ்ப்படிதல், கிறிஸ்துவுக்குள் நாம் யார்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இன்று ராத்திரி வரைக்கும் இங்கேதான் இருப்பேன். தசமபாகம், ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா, அந்திக்கிறிஸ்து யார் என்ற மூன்றும் இன்று வேண்டாம். ஒற்றை வசனத்தை வெட்டி அனுப்பி “இது எனக்கா ஐயா?” என்றும் கேட்காதீர்கள். முன்னால் நாலு வசனம், பின்னால் நாலு வசனம் படித்துவிட்டு வாருங்கள்.

மதுரை சகோதரர்: கர்த்தருக்குக் கீழ்ப்படிந்தா சமாதானம் வரும்னு சொல்றாங்க. ஜெபம், வேதவாசிப்பு, ஞாயிறு ஆராதனை எதையும் நான் விட்டதில்லை. சமாதானம் மட்டும் வரலை. எங்கே தப்பு ஐயா?

வேலையைச் செய்தாயிற்று, கூலி வரவில்லை என்கிற மாதிரி கேட்கிறீர்கள். தப்பு அந்தக் கணக்கில்தான். பத்துக் கட்டளை எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். யாத்திராகமம் 20-இல் முதலில் வருவது கட்டளை இல்லை. ‘உன்னை எகிப்திலிருந்து, அடிமைத்தன வீட்டிலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவன் நானே’ என்பது 2-ஆம் வசனம். அதற்குப் பிறகுதான் ‘உனக்கு வேறே தேவர்கள் வேண்டாம்’. விடுதலை முந்தி, கட்டளை பிந்தி. கட்டளையைக் கைக்கொண்டு எகிப்தை விட்டு வந்தவன் ஒருவனும் இல்லை.

எபேசியர் நிருபமும் அப்படித்தான். முதல் மூன்று அதிகாரத்தில் ‘இதைச் செய்யுங்கள்’ என்கிற ஏவல் வினை கிரேக்கத்தில் ஒன்றே ஒன்று: 2:11-இல் ‘நினைத்துக்கொள்ளுங்கள்’. மீதி முழுக்க, நீங்கள் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள், புத்திர சுவிகாரம் பெற்றவர்கள், தேவனுடைய வீட்டார் என்று நீங்கள் யார் என்பதைத்தான் சொல்கிறார். 4:1-இல் ‘ஆதலால்’ என்று ஒரு சொல் வருகிறது. அதற்கப்புறம் கட்டளைகள் வரிசையாக வருகின்றன. அந்த ‘ஆதலால்’ இடம் மாறினால், நீங்கள் செய்கிறதெல்லாம் சரியாக இருந்தும் மனசு ஆறாது. மகனாக இருக்கிற வீட்டில் சம்பளத்துக்கு நிற்பீர்கள்.

கீழ்ப்படிதல் என்பதற்கு எபிரெயத்தில் பெரும்பாலும் வருகிற சொல் ‘ஷமா’. கேள் என்று அர்த்தம். கிரேக்கச் சொல்லுக்குள்ளும் ‘கேட்டல்’தான் இருக்கிறது. நமக்கு இது புதிது இல்லை. “எம் பையன் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கிறான்” என்று ஒரு அம்மா சொன்னால் அவனுக்குக் காது மந்தம் என்றா நினைக்கிறோம்? நீங்கள் செய்கிற பட்டியலைச் சொன்னீர்கள். அவர் உங்களிடம் என்ன சொன்னார் என்பதைச் சொல்லவில்லை.

திருப்பூர்: துபாய்ல வேலை வந்திருக்கு. ஜெபம் பண்ணினப்போ மனசுல நல்ல சமாதானம். அப்போ இது தேவசித்தம்தானே பாஸ்டர்?

நான் பாஸ்டர் இல்லை தம்பி, வாத்தியார். யோனா 1:5 படியுங்கள். ஆண்டவர் கிழக்கே போகச் சொன்னார், அவர் மேற்கே கப்பல் ஏறினார். புயலில் மாலுமிகள் அலறுகிறார்கள், யோனா கீழ்த்தளத்தில் அயர்ந்து தூங்குகிறார். எவ்வளவு சமாதானம்! கெத்செமனேயில் இயேசு முழுக்கக் கீழ்ப்படிகிறார், வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுகிறது. மனசு லேசாக இருப்பது ஒன்றுக்கும் சாட்சி ஆகாது. சம்பளம், ஒப்பந்தம், வீட்டில் யார் தனியாக நிற்பார்கள் என்பதை எல்லாம் விசாரித்துவிட்டுப் போங்கள். போவதும் பாவம் இல்லை, போகாததும் பாவம் இல்லை.

பெயர் வேண்டாம்: தசமபாகம் மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகவா?

மேலே என்ன எழுதியிருக்கிறேன்?

சேலம்: ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷம் ஆச்சு. வீட்ல வெச்ச பேரு முருகன். பேரை மாத்தாம இருந்தா கீழ்ப்படியாமைனு சபையில ஒரு அண்ணன் சொல்றார்.

அந்த அண்ணனிடம் அப்போஸ்தலர் 18-ஐக் கொடுங்கள். அங்கே வருகிற அப்பொல்லோ, வேதாகமங்களில் வல்லவர். பெயரோ கிரேக்கக் கடவுள் அப்போலோவினுடையது. பிலிப்பியர் 2-இல் எப்பாப்பிரோதீத்து, அதற்குள் அப்ரொதீத்தே தேவி உட்கார்ந்திருக்கிறாள். அவரைப் பவுல் ‘என் சகோதரன், என் உடன்வேலையாள்’ என்கிறாரே தவிர, பெயரைத் தொடவில்லை. பெயரை மாற்றி ஆளை மாற்றப் பார்த்தது பாபிலோன் அரண்மனை. தானியேலைப் பெல்தெஷாத்சார் ஆக்கினார்கள், அவர் தானியேலாகவே இருந்தார். உங்களுக்கே ஆசை இருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் முருகனாகவே பந்திக்கு வாருங்கள்.

நாகர்கோவில்: ஆனா மறைசாட்சி தேவசகாயம் பேரை மாத்தினாரே? நீலகண்டன்தானே அவர்?

ஆமாம். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது லாசரு என்ற பெயர் வைத்தார்கள், அதன் தமிழ் தேவசகாயம். எடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் இல்லை என்றேன். அவரிடமும் அந்த ஊருக்கும் திரும்பி வருவோம், வேறு காரணத்துக்காக.

சென்னை: இந்த வருஷம் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. ‘சமாதானத்துக்கேதுவான நினைவுகள்’. மூணு மாசத்துல வேலை போயிடுச்சு. ஆண்டவர் பொய் சொல்வாரா?

அவர் சொல்லமாட்டார். டிசம்பர் 31 ராத்திரி தட்டில் இருந்து எடுத்த அட்டை சொல்லும். முன்னால் நாலு, பின்னால் நாலு! 10-ஆம் வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் பாபிலோனிலேயே கண்மூடியிருப்பார்கள். அவர்களுக்குக் கிடைத்த கட்டளை 5-லிருந்து 7 வரை: வீடு கட்டு, தோட்டம் போடு, உன்னைச் சிறைபிடித்துக்கொண்டுபோன ஊரின் சமாதானத்தைத் தேடு, அதற்குச் சமாதானம் இருந்தால் உனக்கும் இருக்கும். உங்களுக்கு வேலை போனது வருத்தம்தான். ஆனால் அந்த வசனம் உங்களை ஏமாற்றவில்லை.

தூத்துக்குடி: அப்பா இறந்ததும் வீடும் ஒன்றரை ஏக்கரும் என் பேருக்கு வந்தது. அக்கா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க. ‘பிறந்த வீடு வேணும்னா போடு’ன்னு அம்மா சொன்னாங்க, அவங்க அழுதுகிட்டே போட்டாங்க. நாலு வருஷமா பேச்சில்லை. உபவாசம் இருக்கேன், தூக்கம் இல்லை. சமாதானத்துக்கு ஒரு வசனம் கொடுங்க ஐயா.

தம்பி, உங்களுக்கு வசனம் வேண்டாம். அக்கா ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று பாருங்கள்.

மத்தேயு 5:23-இல் காணிக்கை செலுத்த வந்தவனைப் பலிபீடத்தின் முன்னாலேயே நிறுத்துகிறார் ஆண்டவர். காணிக்கையை அங்கே வைத்துவிட்டுப் போ, முன்பு சகோதரனோடே ஒப்புரவாகு என்கிறார். கலிலேயாவில் இதைக் கேட்டவனுக்குப் பலிபீடம் எருசலேமில். திரும்பிப்போய் வருவது பல நாள் நடை. அதையும் தெரிந்துதான் சொல்கிறார்.

இன்னொன்று. சமாதானத்துக்கு எபிரெயத்தில் வருகிற ‘ஷாலோம்’ என்கிற சொல்லின் வேர் முழுமை. யாத்திராகமம் 22-இல் மாட்டைத் திருடினவன் ‘பதில் கொடுக்கக்கடவன்’ என்று திரும்பத் திரும்ப வருகிறதே, அந்த வினைக்கும் அதே வேர்தான். குறைந்துபோனதைத் திருப்பி வைத்து முழுசாக்குவது. நீங்கள் உபவாசம் இருந்து தேடுகிற சொல்லுக்குள்ளேயே அக்காவின் பங்கு இருக்கிறது.

சட்டமும் சொல்லிவிடுகிறேன். 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. “அவங்களா கையெழுத்துப் போட்டாங்க” என்று சார்பதிவாளரிடம் சொல்லலாம். ஆண்டவரிடம் சொல்ல முடியவில்லை, அதனால்தான் தூக்கம் வரவில்லை.

ஈரோடு: பொண்ணு பார்த்தோம். எல்லாம் பொருத்தம். மனசுல சமாதானம் இல்லை. தேவசித்தம் இல்லையோ?

திருப்பூர் தம்பிக்கு எழுதினதைப் படியுங்கள். பயமா, பிடிக்கவில்லையா என்று உங்களையே கேளுங்கள். அதற்கு ஆண்டவர் பெயரை இழுக்க வேண்டாம்.

பாளையங்கோட்டை: 1 பேதுரு 2:9 நம்மைப் ‘பரிசுத்த ஜாதி’ங்குது. வேதத்திலேயே ஜாதி இருக்கே ஐயா! அப்போ ஜாதி பார்க்கிறது மட்டும் எப்படித் தப்பு?

சிரித்துக்கொண்டு கேட்டீர்களா, நிஜமாகவா? இரண்டுக்கும் ஒரே பதில். ‘எத்னோஸ்’ என்பது கிரேக்கம், மக்களினம் என்று அர்த்தம். 1871-இல் பவர் ஐயர் குழு வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்தபோது ஜாதி என்ற சொல்லுக்கு அந்த விரிந்த பொருளும் இருந்தது. ‘சகல ஜாதிகளையும் சீஷராக்கி’ என்கிறோமே, அந்த ஜாதி. 1995 பொது மொழிபெயர்ப்பில் ‘தூய மக்களினத்தினர்’ என்று வைத்துவிட்டார்கள். வசனம் சொல்வது, சிதறிக் கிடந்த எல்லாரும் இனி ஒரே ஜாதி என்று. நீங்கள் அதை வைத்தே பிரிக்கப் பார்க்கிறீர்கள்.

பாளையங்கோட்டை: நாங்க கோயில்ல பார்க்கிறதில்லை ஐயா. கல்யாணத்துக்கு மட்டும்தான். அது கலாசாரம், விசுவாசம் இல்லை.

கலாத்தியர் 2. அந்தியோகியாவில் பேதுரு செய்தது என்ன? உபதேசத்தை மாற்றவில்லை. புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து வேறு பந்திக்குப் போனார், அவ்வளவே. பவுல் முகத்துக்கு நேரே எதிர்த்தார். ‘சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்க’ நடக்கவில்லை என்றார். இலை போட்ட இடம் சுவிசேஷப் பிரச்சினை என்றால், பெண் கொடுக்கிற இடம் எப்படிக் கலாசாரம் ஆகும்?

தஞ்சாவூர்: வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வேறுபாட்டை ஆதரிச்சு எழுதியிருக்கார். அவர் பாட்டை இன்னைக்கும் பாடுறோமே?

ஆதரித்தார், 1829-இல். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை அறவே விடவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் நிறையப் பேர் சபையையே விட்டுப் போனார்கள். சாதியை விடவில்லை! பாட்டு நல்ல பாட்டு, நானும் பாடுகிறேன். பாடினவர் எல்லாவற்றிலும் சரி என்று அதற்கு அர்த்தம் இல்லை.

நாகர்கோவில்: வடக்கன்குளம் பத்திச் சொல்றேன்னீங்க.

அதற்குத்தான் வருகிறேன். அங்கே 1872-இல் கட்டின கோயிலைக் கால்சட்டைக் கோயில் என்பார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி இரண்டு நடைக்கூடம் பிரிந்து போகும். இந்தச் சாதி ஒரு காலில், அந்தச் சாதி இன்னொரு காலில், நடுவில் சுவர். பீடத்தில் நிற்கிற சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஜனங்களுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. 1910-இல் சுவரை இடித்தார்கள். சுவர் வேண்டும் என்று கேட்டு உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

இப்போது எபேசியர் 2:14 படியுங்கள். ‘அவரே நம்முடைய சமாதான காரணராகி, இருதிறத்தாரையும் ஒன்றாக்கி, பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து’. எருசலேம் ஆலயத்தில் நிஜமாகவே ஒரு தடுப்பு இருந்தது. தாண்டுகிற அந்நியன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்கத்தில் வெட்டின கல் 1871-இல் கிடைத்தது. அங்கே அந்தக் கல்லைத் தோண்டி எடுத்த மறுவருஷம், இங்கே நாம் சுவரோடு ஒரு கோயிலைக் கட்டி முடித்திருக்கிறோம். அதுவும் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊரில். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார் என்பது அவர்மேல் வந்த பிராதுகளில் ஒன்று. 1752-இல் சுட்டுக் கொன்றார்கள். 2022-இல் புனிதராக அறிவிக்கும்போது பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை எடுத்துவிட்டுத்தான் அறிவித்தார்கள். அதற்கும் பலர் மனு போட வேண்டியிருந்தது.

சமாதானம் என்று பவுல் எழுதுகிற இந்த இடத்தில் மனசு லேசாவதைப் பற்றிப் பேச்சே இல்லை. சுவர் விழுவதைப் பற்றித்தான் பேச்சு.

விழுப்புரம்: எஸ்.சி. சான்றிதழ் வெச்சிருக்கேன். ஞானஸ்நானம் எடுத்தா என்ன ஆகும்?

1950 ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தாருக்கு மட்டும்தான் அந்தத் தகுதி. 2024-இல் உச்ச நீதிமன்றத்திலும் ஒரு வழக்கில் அப்படித்தான் தீர்ப்பு. மேற்கொண்டு வழக்கறிஞரிடம் கேளுங்கள். அது நியாயமா என்று என்னைக் கேட்டால், இல்லை.

பாளையங்கோட்டை: ஐயா, நீங்க உங்க பிள்ளைக்கு...

மருமகள் வேறு சாதி. நான் முதலில் சம்மதிக்கவில்லை, ஆறு மாசம். போதுமா? அடுத்த கேள்வி.

ஒரு சகோதரி: வீட்டுக்காரர் குடிச்சுட்டு அடிக்கிறார். ‘மனைவிகளே கீழ்ப்படியுங்கள்’னு சொல்லிப் போதகர் திருப்பி அனுப்பிட்டார்.

அம்மா, எபேசியர் 5:22-க்கு முன்னால் 21 இருக்கிறது: ‘ஒருவருக்கொருவர்’. கிரேக்கத்தில் பிள்ளைகளுக்கும் வேலைக்காரருக்கும் 6-ஆம் அதிகாரத்தில் வருகிற சொல் வேறு, மனைவிக்கு வருகிற சொல் வேறு. புருஷனுக்குச் சொன்னது, சபைக்காக உயிரைக் கொடுத்தவரைப் போல இரு என்று. அடி வாங்கச் சொல்லி அங்கே ஒரு எழுத்தும் இல்லை. பெண்களுக்கான உதவி எண் 181-க்கு இன்றே பேசுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில், நீங்கள் இருக்கிற வீட்டிலேயே பாதுகாப்பாக இருக்க உத்தரவு வாங்கலாம். பிள்ளைகளோடு முதலில் நம்பிக்கையான ஒரு வீட்டுக்குப் போய்விடுங்கள்.

வேலூர்: மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுறேன். விசுவாசம் இருந்தா நிறுத்துன்னு ஜெபக்குழுவில சொல்றாங்க.

நிறுத்தாதீர்கள். ‘போதும் கர்த்தாவே’ என்று சாகக் கேட்ட எலியாவுக்கு ஆண்டவர் முதலில் அனுப்பியது பிரசங்கம் இல்லை. அடையும் தண்ணீரும், நடுவில் தூக்கம். டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் விடவேண்டாம். ராத்திரியில் தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள்.

கரூர்: ஐயா, மனசுல சமாதானம் இருந்தா அது தேவ...

யோனா.

தூத்துக்குடி: அக்காவுக்குப் போன் போட்டேன் ஐயா. ரெண்டு தடவை. எடுக்கலை.

நாலு வருஷம் கழித்து வருகிற போன், உடனே எடுப்பார்களா? விட்டுவிட்டு நேரில் போங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போங்கள்.