வெண்புள்ளிக்குக் கார்போகரிசி: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் பதினான்கு வயது மகளுக்குக் கழுத்திலும் முழங்காலிலும் வெண்புள்ளி உள்ளது. கார்போகரிசியை அரைத்துப் பூசினால் நிறம் திரும்பும் என்கிறார்கள். உண்மையா?

அம்மா, அதற்கு அந்தச் சக்தி உண்டு. ஆயினும் வீட்டில் நீங்களாகவே அரைத்துப் பூசுவதை நான் ஏற்கமாட்டேன். நாட்டு மருந்துக் கடையில் கறுப்பாக, சிறுநீரக வடிவில் கிடைக்கும் கார்போகரிசியை எல்லாரும் விதை என்றே எண்ணுகிறோம். உண்மையில் அது முழுக் காய், தோடு விதையோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அப்படித் தோன்றுகிறது. அதிலுள்ள சோராலென் என்ற பொருளை இந்திய வேதியியலாளர்கள் 1933இல் பிரித்தெடுத்தார்கள். எகிப்தில் நைல் பகுதியில் வளரும் அம்மி மாஜஸ் செடியின் காயிலும் இதே குடும்பத்துப் பொருள் உண்டு. 1940களின் இறுதியில் கெய்ரோவில் மருத்துவர் எல் மொஃப்தி அதை வெண்புள்ளி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இன்று மருத்துவமனைகளில் சோராலெனையும் புற ஊதாக் கதிரையும் சேர்த்துத் தரப்படும் 'பூவா' சிகிச்சை இந்த வழியில் வளர்ந்ததுதான்.

சோராலென் தனித்து நின்று நிறத்தைக் கொண்டுவருவதில்லை. 320 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் படும்போதுதான் அது தோல் அணுக்களில் வேலை செய்கிறது. அப்போது மயிர்க்கால்களில் எஞ்சியிருக்கும் நிறமி அணுக்கள் பெருகி மேலே நகர்கின்றன. பலன் தொடங்கினால் வெள்ளைப் பரப்பின் நடுவே, முடி இருக்கும் இடங்களில், கடுகு சிதறினாற்போலப் பழுப்புப் பொட்டுகள் தோன்றும். ஆகவே மருந்தின் அளவைப் போலவே வெயிலின் அளவும் முக்கியம். குழந்தைக்கு முதலில் தோல் மருத்துவரிடம் 311 நானோமீட்டர் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சையைப் பற்றிக் கேளுங்கள். அதற்குச் சோராலென் தேவையில்லை.

கேள்வி: எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசிக்கொண்டு காலை வெயிலில் நின்றேன். இரண்டாம் நாள் கொப்புளம் வந்துவிட்டது. மருந்து வேலை செய்கிறது என்று கொள்ளலாமா?

கூடாது, அது தீக்காயம். உடனே நிறுத்துங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள், குளிர்ந்த ஈரத்துணி போட்டு மருத்துவரைப் பாருங்கள். இந்த எரிச்சல் வெயிலில் நின்ற அன்றே தெரியாமல், இரண்டு மூன்று நாள் கழித்து உச்சம் அடைவதால்தான் பலர் ஏமாந்து மறுநாளும் பூசிவிடுகிறார்கள். காய்க்குக் காய் சோராலென் அளவு மாறுவதால் வீட்டுப் பசையின் வீரியத்தை யாராலும் சொல்ல முடியாது. எலுமிச்சையிலும் இதே இனப் பொருள்கள் இருப்பதால் வெயிலின் தாக்கம் கூடத்தான் செய்யும். அதைவிட வருந்தத்தக்கது, வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தோல் புண்பட்ட இடத்திலேயே புதுப் புள்ளி தோன்றக்கூடும் என்பது.

கேள்வி: பொடியாக்கி உள்ளுக்குச் சாப்பிடலாமா?

தாமாகச் சாப்பிட வேண்டாம். கார்போகரிசி உட்கொண்டவர்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. முறையாகக் கற்ற சித்த மருத்துவர் நச்சு நீங்கச் சுத்தி செய்து கொடுத்தாலும், கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டே தொடருங்கள். கர்ப்பிணிகளும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். சோராலென் மாத்திரை விழுங்கியவர்கள் அன்று முழுவதும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அணிவது கட்டாயம்.

கேள்வி: விரல் நுனியில் உள்ள புள்ளி மாறுமா?

பெரும்பாலும் மாறுவதில்லை. அங்கே மயிர்க்கால் இல்லை. முகத்திலும் கழுத்திலும் பலன் நன்றாக இருக்கும். புள்ளியின் மேலுள்ள முடியும் நரைத்திருந்தால் நம்பிக்கை குறைவு.

கேள்வி: இது வெண்புள்ளிதான் என்று எப்படி உறுதி செய்வது?

வெளுத்த இடமெல்லாம் வெண்புள்ளி ஆகாது. தேமல் மங்கலாக, மெல்லிய செதிலோடு இருக்கும். அது பூஞ்சைத் தொற்று, எளிதில் குணமாகும். வெளுத்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பஞ்சால் தொட்டுப் பாருங்கள். தொடுவது தெரியவில்லை என்றால் எந்தப் பூச்சையும் தேடாமல் அரசு மருத்துவமனைக்குச் சென்று தொழுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்கான கூட்டு மருந்து அங்கே இலவசமாகவே கிடைக்கிறது. உணர்ச்சி மாறாமல் இருந்தாலும் மருத்துவர் ஒருமுறை பார்த்து உறுதி சொன்ன பிறகே கார்போகரிசியைப் பற்றி யோசியுங்கள்.