சிறு இன நாய்க்குட்டி வாங்குமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் பார்த்து வைத்திருக்கும் மால்டீஸ் குட்டிக்கு ஆறு வாரம் ஆகிறது. திட உணவு நன்றாகச் சாப்பிடுவதால் இப்போதே எடுத்துச் செல்லலாம் என்கிறார் வளர்ப்பாளர். எடுக்கலாமா?

பதில்: கூடாது. எந்த இனமானாலும் 8 வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. இத்தகைய சின்னஞ்சிறு இனங்களைப் பொறுப்புள்ள வளர்ப்பாளர்கள் பலர் 10, 12 வாரம் வரை வைத்திருந்தே கொடுக்கிறார்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான் கற்றுக்கொள்கிறது. அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: ‘டீகப் பொமரேனியன்’ ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. வளர்ந்தாலும் 1 கிலோவைத் தாண்டாது என்று உத்தரவாதம் தருகிறார்கள். நம்பலாமா?

பதில்: எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. டீகப் என்பது இனமும் அல்ல, இனத்தின் அங்கீகரிக்கப்பட்ட உட்பிரிவும் அல்ல. விற்பனைக்காகச் சூட்டிய பெயர். வளர்ந்த பொமரேனியனே ஏறக்குறைய 2, 3 கிலோதான் இருக்கும். அதையும் பாதியாக்குவதற்காக, வளர்ச்சி குன்றிப் பிறந்தவற்றைப் பொறுக்கி ஒன்றோடொன்று இணை சேர்க்கிறார்கள். அல்லது குட்டிக்கு அரைவயிறு தீனி போடுகிறார்கள். அதுவும் இல்லையென்றால் 5 வாரக் குட்டியை 10 வாரம் என்று சொல்லி விற்றுவிடுகிறார்கள். மூன்றாவது வகையில் ஏமாந்தவர்கள்தான் ஓரளவு தப்பித்தவர்கள், ஏனெனில் அவர்களுடைய குட்டி நல்ல தீனி கிடைத்தால் தன் இனத்துக்குரிய அளவுக்கு வளர்ந்துவிடலாம்.

மற்றவற்றின் கதை அப்படியில்லை. உடலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவாக இருப்பதால், ஒரு வேளை உணவு தவறினாலே இரத்தச் சர்க்கரை சரிந்து, குட்டி முதலில் தள்ளாடி, பிறகு துவண்டு, வலிப்பு வரை போய்விடக்கூடும். சோபாவிலிருந்து குதித்ததற்கே முன்னங்கால் எலும்பு முறிந்த குட்டிகள் மருத்துவரிடம் வருகின்றன. உச்சந்தலையை விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். எலும்பு கூடாமல் மெத்தென்று பெரிய குழி தட்டுப்பட்டால், கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் மேற்கொண்டு பேசாதீர்கள். வளர்ந்தபின் எடை இவ்வளவுதான் என்று உத்தரவாதம் தர எவராலும் முடியாது. தாய் தந்தையின் அளவைப் பார்த்து உத்தேசமாகச் சொல்லலாம், அவ்வளவே. ஆகவே எப்போதும் சொல்வதையே சொல்கிறேன்: தாயை நேரில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: குட்டிக்கு வம்சாவளிச் சான்றிதழ் இருக்கிறது. அதற்கு மேல் என்ன கேட்க வேண்டும்?

பதில்: அந்தச் சான்றிதழ் பெற்றோர் யார் என்பதைச் சொல்லுமே தவிர, அவை நலமாக இருந்தனவா என்பதைச் சொல்லாது. சிறு இனங்கள் பலவற்றில் முழங்கால் சில்லு இடம் நழுவும் குறை பரம்பரையாக வருகிறது. ஓடும் நாய் திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நாலடி நொண்டி, பிறகு ஒன்றும் நடவாததுபோல் ஓடினால் ஐயப்படலாம். பெற்றோருக்கு முழங்கால், கண் பரிசோதனை செய்த அறிக்கையைக் கேளுங்கள். கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் இனம் என்றால் இதயப் பரிசோதனையின்றி வாங்கவே வேண்டாம். ‘டாக்டர் பார்த்துவிட்டார்’ என்பது அறிக்கை ஆகாது.

கேள்வி: வளர்ப்பாளர் என் வேலை நேரம், வீட்டில் உள்ளவர்கள் என்று எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிறார். அவமானமாக இருக்கிறது.

பதில்: அவரிடமே வாங்குங்கள்.

கேள்வி: நல்ல சிறிய நாய் எது? உடனே பதில் வேண்டும்.

பதில்: வீட்டில் குழந்தைகள் உண்டா, பகலில் யார் இருப்பார்கள், ரோமம் வார நேரம் இருக்கிறதா என்று ஒரு வரிகூட எழுதாமல் உடனே பதில் கேட்டால் எப்படிச் சொல்வது? விவரத்தோடு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளைச் சேர்த்து வாங்கினால் ஒன்றுக்கொன்று துணையாக இருக்குமல்லவா?

பதில்: இருக்கும், உங்களைத்தான் பொருட்படுத்தாமல் போகக்கூடும். ஒன்றை வாங்கிப் பழக்கி, ஓராண்டு கழித்து இரண்டாவதைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: ஊர் தொலைவு என்பதால் காணொளி அழைப்பில் 6 வாரக் குட்டியைக் காட்டினார்கள். தாய் வேறு இடத்தில் இருக்கிறதாம். பாதிப் பணம் கேட்கிறார்கள்.

பதில்: 6 வாரக் குட்டி இங்கே, தாய் வேறிடத்தில் என்றால் அவர் வளர்ப்பாளர் அல்லர், இடைத்தரகர். மேலே டீகப் கேள்விக்கு எழுதிய பதிலின் கடைசி வரியை மறுபடியும் படியுங்கள்.