ரயிலடி கேள்வி பதில்: பலகையைக் கடைசியில் பாருங்கள்

கே: தாத்தாவின் பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. பிளாட்பாரத்தில் நாலு பேர் நிற்கிறார்கள், ஓரத்தில் பாதி ரயில் பெட்டி தெரிகிறது. ஊர்ப் பெயர்ப்பலகை மட்டும் படத்தில் விழவில்லை. எந்த ஸ்டேஷன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: பலகை விழாததும் ஒரு வகையில் நல்லதுதான். இருந்திருந்தால் அதைப் படித்துவிட்டுப் படத்தை மூடி வைத்திருப்பீர்கள். முதலில் தரையைப் பாருங்கள். பெட்டியின் அகலம் தண்டவாள இடைவெளியைப் போல எத்தனை மடங்கு என்று ஸ்கேல் வைத்து அளந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மீட்டர் கேஜில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே சரியாக 1,000 மில்லிமீட்டர்தான், ஆனால் அதன் மேல் ஓடிய பெட்டியோ சுமார் 2.7 மீட்டர் அகலம். ஒல்லிக் காலில் பருத்த உடம்பு மாதிரி இருக்கும். அகலப்பாதையில் இடைவெளி 1,676 மில்லிமீட்டர், பெட்டி சுமார் 3.25 மீட்டர், அதாவது இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. கண் பழகிவிட்டால் ஸ்கேல்கூட வேண்டாம்.

மீட்டர் கேஜ் என்று தெரிந்ததும் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். மின்கம்பி ஓடுகிறதா? அப்படியானால் அதிர்ஷ்டம்தான், ஏனென்றால் இந்தியாவில் மீட்டர் கேஜுக்கு மின்சாரம் கொடுத்தது ஒரே ஒரு பாதையில், சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-இல், பிறகு அதையே விழுப்புரம் வரைக்கும் நீட்டினார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், அது மேட்டுப்பாளையம் – ஊட்டி மலைப்பாதை, அதிலும் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில்.

ஸ்டேஷன் கட்டடத்தை நம்பாதீர்கள் என்றுதான் சொல்வேன். சின்ன ஊர்களுக்கெல்லாம் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள், நாலு ஸ்டேஷன் தள்ளி அதன் இரட்டைப் பிள்ளை நிற்கும்.

கே: பலகை இருந்தும் ஊர் தெரியாத படங்கள் உண்டா?

ப: நிறைய. பாதிப் பலகையை ஒருவர் தலை மறைத்திருக்கும், மீதியை வெயில் வெளுத்திருக்கும். அப்போதும் பலகை பேசும். மேலே தமிழ் இருந்தால் தமிழ்நாடு, மலையாளம் இருந்தால் கேரளம் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் பலகையின் அடியில் பொடி எழுத்தில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று போட்டிருக்குமே, அதைப் பலர் பார்ப்பதே இல்லை. அந்த நீலகிரிப் பாதையில் மட்டும் ரயில் 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டர் வரை ஏறுகிறது. அங்கே பெயரே அழிந்து போயிருந்தாலும் எண் ஒன்று போதும்.

பலகை காலத்தையும் சொல்லும். இந்தி எழுத்தின் மேல் தார் பூசியிருந்தால் அது மொழிப்போராட்டக் காலத்துப் படம். ‘டால்மியாபுரம்’ என்று பலகை இருந்தால் அது கல்லக்குடி. 1953-இல் அந்தப் பெயரை எடுக்கச் சொல்லித்தான் கருணாநிதி தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்தார்.

கே: நீங்கள் தப்பாகச் சொன்னது உண்டா? உண்மையைச் சொல்லுங்கள்.

ப: உண்டு, நாலு பேர் முன்னால். ஒரு மலையடிவார ஸ்டேஷன் படத்தைப் பார்த்ததும் செங்கோட்டை இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன், மலை இடப்பக்கம் இருக்க வேண்டும், இதில் வலப்பக்கம் இருக்கிறது என்று காரணமும் சொன்னேன். அரை மணி நேரம் கழித்து ஒரு பெண்தான் மெதுவாகக் கேட்டார்: “சார், இதிலே எல்லார் சட்டைப் பையும் வலப்பக்கம் இருக்கே?” நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்செடுத்திருக்கிறார்கள். கண்ணாடியில் காட்டிப் பார்த்தோம், செங்கோட்டையேதான். அன்றிலிருந்து எந்தப் படம் வந்தாலும் முதலில் சட்டைப் பை, அப்புறம்தான் மலை.

கே: மூணாறுக்கு ரயில் ஓடியது என்று நண்பன் பந்தயம் கட்டுகிறான். கதை விடுகிறானா?

ப: பந்தயத்தில் நீங்கள் தோற்றுவிட்டீர்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். 1902-இல் ஒரே தண்டவாளத்தில் ஓடும் மோனோரயிலாகத் தொடங்கி, 1908-இல் இரண்டடிக் குறும்பாதையாக மாற்றினார்கள், தேயிலை ஏற்றத்தான். 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, திரும்பப் போடவில்லை.

கே: மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ரயிலில் போனதாகத் தாத்தா சொல்வார். அப்படி ஒரு பாதையே கிடையாது என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?

ப: இரண்டு பேருமே சரி. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-இல் ஒரு குறும்பாதை போட்டார்கள், 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. அதே மாதிரி திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் ஒன்று. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோக வழி வேண்டும் என்று யோசித்துப் போட்ட பாதைகள் இவை. மொரப்பூர்ப் பாதையை 1941-இல் மூடிவிட்டார்கள். உங்கள் அப்பாவின் காலத்தில் கிடையாதுதான், தாத்தா பொய் சொல்லவில்லை.

கே: மூடிப்போன பாதை போன இடத்தை இன்றைக்குக் கண்டுபிடிக்க முடியுமா?

ப: நான் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்கிற வேலையே அதுதான், வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே அச்சில் போட முடியாது.

மயிலாடுதுறை – தரங்கம்பாடி பாதையை எடுத்துக்கொள்வோம். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். 1926-இல் திறந்தார்கள், 1986-இல் நிறுத்தினார்கள். இந்த மாதிரிப் பாதையைத் தேடும்போது செயற்கைக்கோள் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றை நினைவில் வையுங்கள்: மாட்டுவண்டிப் பாதையும் தார்ச்சாலையும் வயல் வரப்பைப் பார்த்துச் சட்டென்று திரும்பும், ரயிலால் அப்படித் திரும்ப முடியாது. எனவே வயல்களின் சதுரங்களை மதிக்காமல் குறுக்கே ஒரு நீளமான, சோம்பேறித்தனமான வளைவு போகிறதென்றால் அதன் மேல் விரலை வையுங்கள். அதன் மேல் இப்போது கருவேலம் முளைத்திருக்கும், இல்லை வீடுகள் வரிசையாக வளைந்து நிற்கும். பிறகு நேரில் போங்கள். வாய்க்கால் வருகிற இடத்தில் இரண்டு பக்கமும் செங்கல் சுவர் நிற்கும், மேலே ஒன்றுமே இருக்காது. ஊருக்குள் ரயிலே இல்லாமல் ஒரு ‘ஸ்டேஷன் ரோடு’ இருக்கும். பெட்டிக்கடைக்காரரிடம் ஏன் இந்தப் பெயர் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது, ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குக் கட்டாயம் தெரியும்.

கே: தனுஷ்கோடி ஸ்டேஷன் என்று எல்லோரும் போடும் படம் உண்மையில் ஸ்டேஷன்தானா?

ப: கூரையில்லாமல் உயர்ந்த சுவர்களோடு நிற்கிறதே, அது மாதா கோயில். எடுக்க அழகாக இருப்பதால் எல்லோரும் அதையே எடுத்துவிட்டு ஸ்டேஷன் என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்டேஷனில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

1914-இல் பாம்பன் பாலம் திறந்தபோது கணக்கு என்னவென்றால், எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கே கப்பல், அக்கரையில் தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில், கொழும்பு. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் கொண்டுபோனது. பாதையும் ஊரும் அதோடு சரி. எனக்கு வேடிக்கையாகப் படுவது, அக்கரையில் நடந்தது. போரினால் 1990-இல் நின்றுபோன தலைமன்னார் பாதையை அவர்கள் புதிதாகப் போட்டு 2015-இல் ரயிலை விட்டுவிட்டார்கள். கப்பலுக்காகவே போட்ட பாதையில் அந்த முனை உயிரோடு இருக்கிறது, நம் முனை மணலில்.

கே: மூடிய பாதைகளை நினைத்து இவ்வளவு உருகுகிறீர்களே, ஒன்றாவது திரும்பி வந்திருக்கிறதா?

ப: வந்திருக்கிறதே. மதுரை – போடிநாயக்கனூர் பாதை 1928-இல் வந்தது, இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள், 2010 கடைசியில் அகலப்பாதையாக்குகிறோம் என்று மறுபடி மூடினார்கள். தேனிக்கு 2022-இல் ரயில் வந்தது, போடிக்கு 2023-இல். ஒரு பள்ளிக்கூடப் பையன் ஆறாம் வகுப்பில் சேர்ந்து கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடும் வரைக்கும் ‘வரும் வரும்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வந்தது நல்லதுதான், ஆனால் பழைய படங்களோடு ஒப்பிட உட்கார்ந்தால் எரிச்சல் வருகிறது. அகலப்பாதை போட்ட இடங்களில் பழைய ஓட்டுக் கட்டடம், கைகாட்டி, தண்ணீர்த் தூண் எல்லாவற்றையும் இடித்துவிட்டு ஒரே மாதிரிப் பெட்டிகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். இனி ஐம்பது வருஷம் கழித்து நம் படங்களைப் பார்த்து ஊர் சொல்லப் போகிறவர் பாவம்.

கே: வெளிநாட்டுப் படங்களிலும் இந்த ஆட்டம் ஆடலாமா?

ப: பிரிட்டனில் இது தேசிய நோய். பிரிட்டிஷ் ரயில்வே தலைவராக இருந்த பீச்சிங் என்பவர் 1963-இல் அறிக்கை கொடுத்து 2,363 ஸ்டேஷன்களை மூடச் சொன்னார், அவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டன. ஆகவே அவர்களிடம் மூடிப்போன ஸ்டேஷன் படம் குவிந்து கிடக்கிறது. வண்ணப் படம் என்றால் ஒரு குறுக்குவழி சொல்கிறேன், ஐம்பதுகளின் பெயர்ப்பலகை பச்சை என்றால் தெற்கு, காப்பிப்பொடி நிறம் என்றால் மேற்கு, வெளிர் நீலம் என்றால் ஸ்காட்லாந்து.

கே: என் படத்தை உங்களுக்கு அனுப்பலாமா?

ப: அனுப்புங்கள். முன்பக்கம் மட்டும் போதாது, பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் மட்டும் பிய்க்காதீர்கள்.