லெபனான் பெண்ணை மணந்தால் பிள்ளைக்கு எந்த நாட்டுக் குடியுரிமை?

கேள்வி: நான் திருச்சிக்காரன், இந்து. பெய்ரூட்டில் வேலை பார்க்கிறேன். மரோனைட் கிறிஸ்தவப் பெண் ஒருவரை மணக்கப் போகிறேன். மூவாயிரம் டாலர் தந்தால் பெய்ரூட்டிலேயே பதிவுத் திருமணம், பிறக்கும் குழந்தைக்கு லெபனான் பாஸ்போர்ட் இரண்டையும் முடித்துத் தருவதாக ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள் தம்பி. ஒரு டாலர்கூடக் கொடுக்க வேண்டாம்.

நம்மூர் சார்பதிவாளர் அலுவலகம் போலப் பதிவுத் திருமணம் செய்துவைக்கும் இடம் லெபனானில் கிடையாது. திருமணமும் மணவிலக்கும் அரசு அங்கீகரித்த மதப் பிரிவுகளின் கையில். அப்படி 18 பிரிவுகள். அதில் இந்து மதம் இல்லை. ஆனால் வெளிநாட்டில் நடந்த பதிவுத் திருமணத்தை அரசு ஏற்கும். அதனால்தான் லெபனான் ஜோடிகளே சைப்ரஸ் போய்க் கல்யாணம் முடிக்கிறார்கள். நீங்களும் போங்கள், அங்குள்ள லெபனான் தூதரகத்தில் பதிந்துவிட்டுத் திரும்புங்கள். சைப்ரஸ் விசா, மணமாகாதவர் என்ற சான்றிதழ், லெபனானுக்குள் திரும்ப நுழையும் அனுமதி எல்லாம் கைக்கு வந்தபின் டிக்கெட் போடுங்கள்.

சரி, குழந்தை? 1925ஆம் ஆண்டு ஆணைப்படி குடியுரிமை தகப்பன் வழியில்தான். நீங்கள் இந்தியர், ஆகவே பெய்ரூட்டிலேயே பிறந்தாலும் பிள்ளை லெபனான் குடிமகன் ஆகாது. ஏஜெண்டுகள் ஒரு விதிவிலக்கைக் காட்டுவார்கள்: "தாய் வழியாகவும் உண்டு." உண்டுதான். வெளிநாட்டுக் குடிமகளாகப் பிறந்து பிற்பாடு லெபனான் குடியுரிமை பெற்ற பெண்ணுக்கு அது. கணவர் இறந்துவிட்டால், அவளுடைய மைனர் பிள்ளைகளுக்கு அவள் வழியாகக் கிடைக்கும். லெபனானிலேயே பிறந்து வளர்ந்த பெண் விதவையானாலும் அவளுக்கு அந்த உரிமை இல்லை. திரும்பப் படியுங்கள், நான் தவறாக எழுதவில்லை. உங்கள் வருங்கால மனைவி இந்த இரண்டாவது வகை.

ஏன் மாற்ற மாட்டேன் என்கிறார்கள்? நாடாளுமன்றத்தின் 128 இடங்களில் பாதி கிறிஸ்தவர்களுக்கு, பாதி முஸ்லிம்களுக்கு. அதிபர் மரோனைட், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா. மக்கள்தொகைக் கணக்கை 1932க்குப் பிறகு எடுக்கவே இல்லை. பாலஸ்தீனரையும் சிரியரையும் மணந்த பெண்களின் பிள்ளைகளைச் சேர்த்தால் மதக் கணக்கு சாய்ந்துவிடும் என்று பயம். பெற்ற தாயின் உரிமையைத் தலைக்கணக்குக்காக இன்னும் எத்தனை காலம் மறுப்பார்கள்? எனக்கு இதில் பொறுமை போய்விட்டது.

உங்களுக்கு முக்கியமான தேதி வேறு. குழந்தை பிறந்ததும் மருத்துவமனைச் சான்றில் முக்தாரின், அதாவது வட்டாரத்து உள்ளூர் அதிகாரியின், கையெழுத்து வாங்கி, பிறப்பைப் பதிந்து, ஓராண்டுக்குள் பெய்ரூட் இந்தியத் தூதரகத்தில் இந்தியக் குடிமகனாகப் பதிவு செய்யுங்கள். ஏஜெண்ட் "பொறுங்கள், பாஸ்போர்ட் வந்துவிடும்" என்று இழுத்தால் அந்த ஓராண்டு ஓடிவிடும். அப்புறம் டெல்லியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை பிள்ளைக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இருக்காது.