மகளிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 5 வயதில் பிளட் கேன்சர் (ஏ.எல்.எல்.) வந்தது. இரண்டரை வருடம் கீமோ கொடுத்துக் குணமாகி, மறுபடி வந்துவிட்டது. அவன் அக்காவின் எலும்பு மஜ்ஜை பொருந்தியதால் அதை எடுத்து அவனுக்கு ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்து ஏழு மாதம் நன்றாக இருந்தான். பிறகு மூன்றாவது முறையும் வந்து, ஐந்து மாதத்துக்கு முன்பு போய்விட்டான். முதலில் வைரல் காய்ச்சல் என்று நினைத்து இரண்டு வாரம் கஷாயம் கொடுத்தேன். நானே அவனைக் கொன்றுவிட்டேனா? கணவர் அவன் சாமான்களையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டார், அவன் பேச்சையே எடுக்க விடுவதில்லை. சொந்தக்காரர்கள் இன்னொன்று பெற்றுக்கொள் என்கிறார்கள். துக்கம் கேட்க வந்த ஒருவர், “அக்கா மஜ்ஜை ஒட்டலையாமே” என்றார். 13 வயது மகள் மட்டும்தான் தைரியமாக இருக்கிறாள், அழவே இல்லை. நான் எப்படி மீள்வது?
- பெயர் வேண்டாம், திருச்சி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, கடிதம் முழுக்க உங்கள் மகன் பெயரை எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டுக்கொண்டபடி இங்கே அதை அச்சிடவில்லை. வீட்டில் அந்தப் பெயரை யாரும் நிறுத்த வேண்டாம்.

முதலில் அந்தக் கஷாயம். காய்ச்சல், சோர்வு, கால்வலி, அங்கங்கே கன்றிப்போன தடம் என்றுதான் இந்த நோய் தொடங்கும். ஓடியாடுகிற எந்தப் பிள்ளைக்கும் வருவதும் இவைதான். ரத்தப் பரிசோதனையில் ரத்த அணுக்களின் எண்ணிக்கை (கவுண்ட்) தாறுமாறாக இருந்தால்தான் பெரும்பாலும் டாக்டருக்கே சந்தேகம் வரும். ரத்தம் ஊறும் செல்லுக்குள் நடக்கிற மரபணு மாற்றத்தால் வருகிற நோய் இது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ‘இதனால்தான்’ என்று காட்ட ஒரு காரணம் கிடைப்பதில்லை. அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகும் கீமோவுக்கு அவன் நோய் அடங்கியதே! திரும்பி வந்ததற்குக் காரணம் மருந்துக்குத் தப்பி ஒளிந்திருந்த சில செல்கள். அதில் உங்கள் கை எதுவும் இல்லை, அம்மா.

இனி, நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். மகள் தைரியமாக இருக்கிறாள் என்ற அந்த ஒரு வரிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. அந்த மனிதர் மஜ்ஜையைப் பற்றிக் கேட்டபோது அவள் எங்கே இருந்தாள்? வந்தவர்களுக்குக் காபி டம்ளர் நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருக்கலாம். “என்னுடையது சரியில்லை, அதனால்தான் தம்பி போனான்” என்று ஒரு பிள்ளை நம்பிவிட்டால் அதை யாரிடமும் சொல்லாது. உங்கள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளும்.

அவர் சொன்னது தப்பு. அவள் மஜ்ஜை ஒட்டியது. மாற்றுச் சிகிச்சைக்கு முன்னால் கடுமையான கீமோ கொடுத்து நோயாளியின் சொந்த மஜ்ஜையை, அதாவது எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடத்தை, கிட்டத்தட்ட காலி செய்துவிடுவார்கள். புது மஜ்ஜை பிடித்துக்கொள்ளாவிட்டால் கவுண்ட் ஏறாது, வீட்டுக்கும் அனுப்ப மாட்டார்கள். அந்த ஏழு மாதமும் அவன் உடம்பில் ஓடியது அக்கா கொடுத்த ரத்தம். மறுபடி தலைதூக்கியது அவனுடைய பழைய நோய்ச் செல்கள். கூடப்பிறந்தவர் ஒருவரின் மஜ்ஜை முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தான். அவளுக்குப் பொருந்தியது. மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பில் ஊசி குத்தி எடுப்பதற்கு அந்த வயதில் சம்மதித்திருக்கிறாள்.

இதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சுற்றி வளைக்காமல், “அன்னிக்கு அவர் சொன்னதைக் கேட்டியா? அது பொய். நீ கொடுத்தது அவனுக்குப் பிடிச்சுது” என்றே தொடங்கலாம். அவள் பதில் பேசாவிட்டாலும் விடுங்கள், சில நாள் கழித்து மறுபடி சொல்லுங்கள். கோபம்கூட வெளியே வரலாம். நீங்கள் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்த காலத்தில் அவள் யார் வீட்டில் இருந்தாள், பரீட்சைக்கு யார் கூட இருந்தார்கள்? “தம்பியால எனக்கு யாருமே இல்லை” என்று அவள் ஒருநாள் நினைத்திருந்தால், இப்போது அதுவும் சேர்ந்து அழுத்தும். அப்படி நினைப்பது சகஜம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கணவர் விஷயம். பிளேட்லெட்டுக்கு ஆள் தேடியும் பணத்துக்கு அலைந்தும் மூன்று நான்கு வருடம் ஓடிய மனிதருக்கு இப்போது ஓட இடமில்லை. பரணில் இருப்பது முழுவதையும் இறக்கச் சொல்லி மல்லுக்கட்ட வேண்டாம். ஒரே ஒரு பொருளை, அவரே தேர்ந்தெடுத்து, எடுத்துத் தரச் சொல்லுங்கள். இன்னொரு பிள்ளை என்பது நீங்கள் இருவரும் மட்டும் பேசி எடுக்க வேண்டிய முடிவு. சொந்தக்காரர்களுக்குப் பதிலே சொல்ல வேண்டாம்.

மீள்வது எப்படி என்கிறீர்கள். ஐந்து மாதத்தில் அழுகை வருவது நோயே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில்கூட, குறைந்தது 6 மாதம் கடந்தும் அன்றாட வாழ்க்கையை முடக்குகிற துக்கத்தைத்தான் கோளாறாகக் கணக்கில் எடுக்கிறார்கள். ஆனால் உங்களுக்கோ மகளுக்கோ வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

அப்புறம், மகனுக்குச் சிகிச்சை பார்த்த டாக்டரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். மருத்துவம் முடிந்த பிறகும் பெற்றோர் இப்படிப் போய்க் கேட்பது தப்பில்லை. மகளும் வருகிறாள், மஜ்ஜையைப் பற்றி அவளிடமே நேராகச் சொல்லுங்கள் என்று முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.