மீட்டர் ஒன்று, அடுப்பு இரண்டு

கேள்வி: வெள்ளவத்தையில் என் வீட்டு மேல்மாடியை இரண்டாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருக்கிறேன். முன்பக்கத்தில் கணவன், மனைவி மட்டும். பின்பக்கத்தில் ஐந்து பேர். வாஷிங் மெஷினும் உண்டு. கரண்ட் மீட்டர் ஒன்றுதான், பில்லைப் பாதி பாதியாகக் கட்டுகிறார்கள். மூன்று மாதமாக ஆளோடு ஆள் கதைப்பதில்லை. படியில் என்னைக் கண்டால் மட்டும் முறைப்பாடு. பின்பக்கத்தாரை எழுப்பச் சொல்கிறார் மகன். என்ன செய்யட்டும்?
— ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: டீச்சர், மகன் எந்த நாட்டிலிருந்து சொல்கிறார் என்று எழுதவில்லையே! ஆட்களை எழுப்புவதற்கு முதல் அந்த மீட்டரைப் பாருங்கோ.

முன்பக்கத்தார் மாதம் 60 யூனிட், பின்பக்கத்தார் 120 என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். வீட்டுப் பாவனை 60 யூனிட்டுக்குள் நின்றால் விலை குறைவு. அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கூடிய விலை. மேலே போகப் போகப் படிப்படியாக ஏறும். தனி மீட்டர் இருந்தால் முன்பக்கத்தார் மலிவான கணக்கில் நின்றிருப்பார்கள். இப்போதோ 180 யூனிட் பில்லில் பாதியைச் சுமக்கிறார்கள். அந்தப் பெண் வாஷிங் மெஷின் சத்தத்தைக் கேட்டு எரிச்சல்படாமல் என்ன செய்வா? பின்பக்கத்தாரிலும் பிழையில்லை, நீங்கள் சொன்ன பாதியைத்தானே கட்டுகிறார்கள். கோபிக்காதேங்கோ, இந்தச் சண்டையின் வேர் உங்கள் வயரிங்கில் இருக்கு.

தனி மீட்டருக்கு விண்ணப்பித்துப் பாருங்கோ. அது இழுபட்டால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஆளுக்கொரு சப்-மீட்டர் போடுங்கோ. மொத்த பில் அதனால் குறையாது, ஆனால் அவரவர் பாவித்ததற்கு அவரவர் காசு. செலவு உங்களுடையது. அதை வாடகையில் ஏற்றிவிடாதேங்கோ.

படியில் நின்று ஒருவரைப் பற்றி மற்றவர் சொல்வதைக் கேட்பதையும் நிறுத்துங்கோ. கொட்டாஞ்சேனையில் நான் இரண்டு அனெக்ஸ் வாடகைக்கு விட்டிருந்த காலம், ஒரு வீட்டுக்காரி அடிக்கடி ரம்புட்டான் கொண்டுவந்து தருவா. கொடியில் உடுப்புக் காயப்போடுகிற வழக்கில் அவவின் பக்கம் தீர்ப்புச் சொன்னேன். மற்றக் குடும்பம் அடுத்த மாதமே வீட்டை விட்டுப் போய்விட்டது. நல்ல சனம், வாடகை ஒருநாள் பிந்தியதில்லை. கொடியைக் கட்டியிருந்த இடமே பிழை என்று பிறகுதான் கண்டேன்.

கோபத்தில் தண்ணியையோ கரண்டையோ வெட்டிவிடாதேங்கோ. வழக்கில் நீங்களே மாட்டுவீர்கள். கைமீறிப் போனால் மத்தியஸ்த சபை இருக்கு, 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்தது. மூன்று மத்தியஸ்தர்கள் இருந்து இரு பக்கத்தையும் கேட்பார்கள். சட்டத்தரணி பிடிக்கிற செலவில்லை. ஆனால் உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகாது என்றுதான் படுகிறது.

சப்-மீட்டர் போட்ட பிறகு, மாதம் முதலாம் திகதி இரண்டு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவர் வந்து பக்கத்தில் நிற்க, நீங்கள் இலக்கத்தை வாசித்துக் கொப்பியில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கோ. அவர்கள் ஒருவரோடொருவர் கதைக்காவிட்டாலும் பரவாயில்லை.