கணினிப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஜாவா நிரலராகப் பணிபுரிகிறேன். எக்ஸ்எம்எல் செய்திகள் வழியே இயங்கும் எங்கள் சோப் வெப் சர்வீஸை அழைக்கும் வாடிக்கையாளர் நிறுவனம் ஒவ்வொரு செய்தியின் ஹெடரிலும் கிளைக் குறியீட்டை அனுப்புகிறது. அழைப்பின் விவரங்களைத் தரும் வெப்சர்வீஸ்கான்டெக்ஸ்ட் மூலம் எச்டிடிபி ரெக்வெஸ்ட் ஹெடர்ஸ் மேப்பை எடுத்து அதில் தேடினால் ‘நல்’ (மதிப்பு ஏதும் இல்லை) என்றே வருகிறது. ஆனால் சோதனைக் கருவியான சோப்யூஐயில் அதே செய்தியைத் திறந்தால் மதிப்பு கண்ணெதிரே நிற்கிறது. எங்கே தவறுகிறேன்?
— வாசகி, மாரத்தஹள்ளி

பதில்: நீங்கள் எழுதிய நிரலில் பிழையில்லை, தேடிய இடம்தான் வேறு. ஒரு சோப் அழைப்பில் ஹெடர் என்ற பெயரில் இரண்டு இடங்கள் உண்டு. நீங்கள் எடுத்த மேப்பில் இருப்பவை கன்டென்ட்-டைப், ஆத்தரைசேஷன் போன்ற எச்டிடிபி ஹெடர்கள் மட்டுமே. வாடிக்கையாளர் அனுப்பும் கிளைக் குறியீடோ, எக்ஸ்எம்எல் செய்திக்குள்ளே, என்வலப்பின் கீழ், பாடிக்கு முன்னால் உள்ள சோப் ஹெடரில் இருக்கிறது. உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிற்காவலர் பதிவேட்டில் பார்சல் வந்த நேரம் இருக்கும், பெட்டிக்குள் வைத்த சீட்டின் வாசகம் இருக்காது. அதைப் போன்றதே இதுவும்.

அதைப் படிக்க எந்த வழி என்பதை சர்வீஸின் ஒப்பந்தத்தை விவரிக்கும் உங்கள் விஸ்டில் கோப்பே முடிவுசெய்யும். அந்த ஹெடர் அங்கே முறையாக அறிவிக்கப்பட்டிருந்தால் வேலை எளிது: மெத்தடில் ஒரு பாராமீட்டரைச் சேர்த்து, அதன்மேல் வெப்பேரம் அனோட்டேஷனை எழுதி, ‘ஹெடர்’ என்ற பண்புக்கு ‘ட்ரூ’ என்று கொடுத்து, பெயரையும் டார்கெட் நேம்ஸ்பேஸையும் (அந்தப் பெயர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் அடையாளம்) குறித்துவிட்டால், ஜாவாவில் வெப் சர்வீஸ் எழுத உதவும் ஜேஏஎக்ஸ்-டபிள்யூஎஸ் அந்த மதிப்பைத் தானாகவே கையில் கொண்டுவந்து தரும். விஸ்டிலைத் திருத்தும் உரிமை உங்களிடம் இருக்குமானால், இதையே நான் பரிந்துரைப்பேன். ஒப்பந்தத்தைப் படிக்கும் எவருக்கும் அந்த ஹெடர் தேவை என்பது தெளிவாகத் தெரியும்.

விஸ்டிலில் அது இல்லாமல், பேச்சுவழக்கில் மட்டும் ‘ஹெடரில் அனுப்புகிறோம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் (உங்கள் நிலை இதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன்), செய்தியை நடுவில் நிறுத்திப் பார்க்கும் சோப்ஹேண்ட்லர் எழுதுவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. சோப்ஹேண்ட்லரின் ஹேண்டில்மெசேஜ் மெத்தட் உள்ளே வரும் செய்திக்கும் வெளியே போகும் பதிலுக்கும் அழைக்கப்படும் என்பதால், முதல் வேலையாக மெசேஜ் அவுட்பவுண்ட் பிராப்பர்டியைப் பார்த்து, வெளியே போவதாக இருந்தால் ட்ரூ என்று திருப்பிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பிறகு செய்தியிலிருந்து சோப் ஹெடரை எடுங்கள். ஹெடரே இல்லாத செய்தியும் செல்லுபடியாகும் செய்திதான் என்பதால் அங்கே நல் வரக்கூடும், அதைச் சோதிக்காமல் மேலே செல்ல வேண்டாம்.

எலிமென்ட்டைத் தேடும்போது பலரும் சறுக்குவார்கள். சோப்யூஐயில் ‘எச்:பிராஞ்ச்கோட்’ என்று தெரிவதை அப்படியே சரமாக எழுதித் தேடினால் இன்று கிடைக்கும். ஆனால் அந்த ‘எச்’ என்பது அனுப்புகிறவர் தம் விருப்பப்படி வைத்துக்கொண்ட பிரிஃபிக்ஸ் (முன்னொட்டு). அவர்கள் நூலகத்தின் புதிய பதிப்புக்கு மாறியதும் அது ‘என்எஸ்2’ ஆகிவிடலாம், உங்கள் நிரல் மீண்டும் நல் என்று சொல்லும். நேம்ஸ்பேஸையும் பெயரையும் சேர்த்த கியூநேம் கொண்டே தேடுங்கள்.

கிடைத்த மதிப்பை, ஹேண்ட்லருக்குத் தரப்படும் மெசேஜ்கான்டெக்ஸ்டில் வைத்தால் மட்டும் போதாது. அங்கே வைக்கப்படும் எந்தப் பண்பும் இயல்பாக ‘ஹேண்ட்லர்’ ஸ்கோப்பில்தான் இருக்கும்; செட்ஸ்கோப் மூலம் அதை ‘அப்ளிகேஷன்’ என்று மாற்றினால்தான் உங்கள் சர்வீஸ் மெத்தட் வெப்சர்வீஸ்கான்டெக்ஸ்ட் வழியாக அதைப் பார்க்க முடியும். இந்த ஒற்றை வரியை விட்டுவிட்டு, எல்லாம் சரியாக இருந்தும் ஏன் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வோர் ஏராளம்.

வாடிக்கையாளர் அந்த ஹெடரில் மஸ்ட்-அண்டர்ஸ்டாண்ட் (‘இதைக் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும்’) பண்பை 1 என்று வைத்து அனுப்பினால், ஹேண்ட்லரின் கெட்ஹெடர்ஸ் மெத்தட் அந்த கியூநேமைத் திருப்பித் தர வேண்டும். எடிட்டர் உருவாக்கிக் கொடுத்த வெற்று மெத்தடை அப்படியே விட்டுவிட்டால், உங்கள் ஹேண்டில்மெசேஜை எட்டும் முன்பே செய்தி ஃபால்ட்டாக (பிழைச் செய்தியாக) திரும்பிப் போகும். லாகில் உங்கள் வரி ஒன்றுகூட இருக்காது.

ஜேஏஎக்ஸ்-டபிள்யூஎஸ் 2018-இல் வெளியான ஜாவா 11-இலிருந்து ஜாவா நிரலாக்கத் தொகுப்பான ஜேடிகேயில் இல்லை என்பதால், அதைத் தனி டிபென்டென்சியாகச் சேர்க்க வேண்டும். ஜகார்டா இஇ 9 முதல் பேக்கேஜ் பெயர் ஜாவாஎக்ஸ் என்பதிலிருந்து ஜகார்டா என்று மாறிவிட்டது. சர்வர் புதியதாகவும் ரிசோர்ஸ் அனோட்டேஷனின் இம்போர்ட் பழையதாகவும் இருந்தால், வெப்சர்வீஸ்கான்டெக்ஸ்டே உள்ளே செலுத்தப்படாமல் நல்லாக நிற்கக்கூடும்.

கேள்வி: நாங்கள் ஜாவாவின் ஸ்பிரிங் கட்டமைப்பில் ரெஸ்ட் (சோப் இன்றி நேரடியாக எச்டிடிபி வழியே இயங்கும்) சர்வீஸ் எழுதியிருக்கிறோம். ‘பிராஞ்ச்_ஐடி’ என்ற எச்டிடிபி ஹெடர் என் மடிக்கணினியில் ஒழுங்காகக் கிடைக்கிறது. கோரிக்கைகளை முன்னால் வாங்கிக் கடத்தும் பிராக்சியான என்ஜின்எக்ஸின் பின்னால் உள்ள சோதனைச் சர்வரில் 400 (தவறான கோரிக்கை) பிழை வருகிறது. ஏன்?
— வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: பெயரில் உள்ள அடிக்கோட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அடிக்கோடுள்ள ஹெடர் பெயர்களை என்ஜின்எக்ஸ் இயல்பாகவே செல்லாதவை என்று கருதி, ஓசையின்றி விட்டுவிடும். ஸ்பிரிங்கின் ரெக்வெஸ்ட்ஹெடர் அனோட்டேஷனோ, வேறு எதுவும் சொல்லாதவரை, அந்த ஹெடர் கட்டாயம் என்று எடுத்துக்கொண்டு, அது வராதபோது 400 என்று மறுத்துவிடும். என்ஜின்எக்ஸில் அண்டர்ஸ்கோர்ஸ் இன் ஹெடர்ஸ் என்ற அமைப்பை ‘ஆன்’ செய்தும் இதைத் தீர்க்கலாம். ஆனால் நாளை நடுவில் இன்னொரு பிராக்சி வந்தால் அதே சிக்கல் திரும்பக்கூடும் என்பதால், ‘பிராஞ்ச்-ஐடி’ என்று இடைக்கோட்டுக்கு மாறிவிடுவதே நல்லது. பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்று கவலைப்பட வேண்டாம். எச்டிடிபி ஹெடர் பெயர்களில் அந்த வேறுபாடு பார்க்கப்படுவதில்லை.